தயிர்சாத நாய், பால்சோத்துப் பூனை: சைவ வீட்டுல எதுக்கு எது ஒத்துவரும்? முழு வழிகாட்டி

எங்க வீடு பாளையங்கோட்டையில, சுத்த சைவம், முட்டை கூட வாசப்படி தாண்டாது. ஆனா எனக்கு விவரம் தெரிஞ்சதுலருந்து அந்த வீட்டுல ஒரு பூனையும் ஒரு நாயும் இல்லாத நாளே கிடையாது. பூனைக்கு ஆச்சி காலையில பால்சோறு பிசைஞ்சு வைப்பாங்க, நாய்க்கு மத்தியானம் தயிர்சாதம், என்னிக்காவது சொதி மிஞ்சினா அன்னிக்கு அதுக்கு விருந்து. "நம்ம வீட்டுப் பூனை சைவம்ட்டி, கவிச்சியே தொடாது"ன்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் ஆச்சி பெருமை பேசுவாங்க.

அஞ்சு வருஷம் முன்னாடி அந்தப் பூனையோட குட்டி ஒண்ணை நான் சென்னைக்குக் கொண்டுவந்தேன். பேரு மீனு (பேர்லயே மீன் இருக்கு, அதை யாரும் கவனிக்கல). மூணாவது மாடி ஃபிளாட், பால்கனிக்கு வலை, கதவு எப்பவும் சாத்தியே இருக்கும். சாப்பாடு ஆச்சி கணக்குதான், பால்சோறு, தயிர்சாதம், நெய் கொஞ்சம். ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு நாள் ஃப்ரிட்ஜ் மேல தாவுது, விளிம்பைப் பிடிக்காம கீழ விழுது. முதல்ல சிரிச்சோம். அப்புறம் பார்த்தா ராத்திரி லைட் அணைச்சா நாற்காலி கால்ல முட்டுது, கண்ணுல பாப்பா எப்பவும் அகலமா விரிஞ்சே இருக்கு. டாக்டர் கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பார்த்துட்டு "என்னம்மா போடுறீங்க?"ன்னாங்க. "பால்சோறுதான் டாக்டர், ஊர்ல இதோட அம்மாவும் அதைத்தான் சாப்பிட்டுச்சு, பத்து வருஷம் நல்லா இருந்துச்சு." "ஊர்ல வீட்டுல எலி உண்டா?"

உண்டு. நெல்லு வச்ச ரூம்ல எலி, மச்சுல பல்லி, கிணத்தடியில ஓணான், எல்லாம் உண்டு. அப்பதான் எனக்கு உறைச்சுச்சு, அந்தப் பூனை பால்சோத்துல உயிர் வாழல, எலியில வாழ்ந்துச்சு, பால்சோறு சும்மா காபி குடிக்கிற மாதிரி. நாயும் அப்படித்தான், சாயங்காலம் தெருவுல ஒரு ரவுண்டு போய் கறிக்கடை வாசல்ல கிடைச்சதைத் தின்னுட்டு நல்ல பிள்ளையா வீட்டுக்கு வந்து படுத்துக்கும். அதனால "எங்க தாத்தா காலத்துலருந்து சைவம்தான் போட்டு வளர்த்தோம்"னு யார் சொன்னாலும் நான் கேக்குற முதல் கேள்வி, கதவு திறந்திருந்துச்சா? இப்ப நாம கதவைச் சாத்திட்டோம், அப்ப வெளிய கிடைச்சதையெல்லாம் தட்டுல நாமதான் வைக்கணும்.

சரி, வழிக்கு வருவோம்.

படி 1: பூனையா நாயான்னு முதல்ல பிரிங்க

ரெண்டையும் ஒரே கேள்வியா கேக்காதீங்க. நெட்ல முக்கால்வாசி சண்டை இதனாலதான், ஒருத்தர் நாயை மனசுல வச்சுப் பேசுவார், இன்னொருத்தர் பூனையை வச்சு பதில் சொல்வார். அடுத்தது வயசு. நாய்க்குட்டி, பூனைக்குட்டி, சினையா இருக்கறது, பால் கொடுக்கறது, இதுங்க யாருக்கும் சைவம் மட்டும் போட்டுப் பார்க்கற பரிசோதனை வேண்டாம். வளர்ற குட்டிக்குப் புரதமும் கால்சியமும் கூடுதலா வேணும், வெறும் சோறும் பாலுமா வளர்ற குட்டிக்கு எலும்பு மெலிஞ்சு கால் வளையலாம், சின்னதா குதிச்சாலே உடையலாம். கீழ சைவச் சாப்பாடு பத்திச் சொல்றது எல்லாம் வளர்ந்து முடிஞ்ச, நோய் இல்லாத நாய்க்குத்தான்.

படி 2: பூனைன்னா இங்கயே நின்னுடுங்க

பூனையோட உடம்பு கறி சாப்பிட்டே பழகி, வேற வழியில செஞ்சுக்கற வேலையையெல்லாம் விட்டுடுச்சு. டாரின்னு ஒரு சத்து, செடிகொடியில அநேகமா கிடையாது, பால்லயும் ரொம்பக் கம்மி, பூனையால உள்ளயே போதுமான அளவு செஞ்சுக்கவும் முடியாது, அதுக்கு மேல பித்த நீருக்காக தினமும் செலவு வேற பண்ணிட்டே இருக்கும். இது இல்லைன்னா விழித்திரை கெடும்னு 1975லயே ஆராய்ச்சியில தெரிஞ்சுடுச்சு, 1987ல கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க இதே குறையால இதயத் தசை பலூன் மாதிரி வீங்கறதையும், டாரின் கொடுத்தா அது சரியாகறதையும் காட்டினாங்க. கவனிங்க, அந்தப் பூனைங்க பால்சோறு சாப்பிட்டது இல்ல, கடையில வாங்கின பூனைத் தீவனம் சாப்பிட்டதுங்க. அதுக்கப்புறம்தான் கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டினது. இதயம் திரும்பும், கண்ணு திரும்பாது. மீனுவுக்கு அதான் ஆச்சு, சாப்பாட்டை மாத்தினதுக்கப்புறம் மேல கெடல, ஆனா போன பார்வை போனதுதான்.

டாரினோட நின்னா பரவாயில்ல. கேரட்ல இருக்கற சத்தை நம்ம உடம்பு வைட்டமின் ஏ ஆக்கும், பூனை உடம்பு ஆக்காது, அதுக்கு ரெடிமேடா வேணும். அராக்கிடானிக் ஆசிட்னு ஒரு கொழுப்பு, அதுவும் அப்படித்தான். அர்ஜினின்னு ஒரு அமினோ அமிலம் (புரதத்தோட ஒரு துண்டு), அது இல்லாத ஒரே ஒரு வேளைச் சாப்பாடு போதும், சில மணி நேரத்துல ரத்தத்துல அம்மோனியா ஏறி வாந்தி எடுத்துச் சுருண்டுடும். இதுக்கு நடுவுல பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது, அந்த மரபணு வேலை செய்யறது இல்ல, அதனால ரசகுல்லா பாத்திரத்தை நக்குதுன்னா அது பாலுக்காகத்தான்.

"இப்பதான் செயற்கை டாரின் வருதே, வெளிநாட்டுல வீகன் (பால், முட்டைகூட இல்லாத) பூனைத் தீவனமே விக்கறாங்களே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. கறித் தீவனத்துல போடற டாரினும் பெரும்பாலும் ஃபேக்டரியில செஞ்சதுதான், அதனால தத்துவப்படி முடியாதுன்னு சொல்ல முடியாது. 2023ல ஆயிரத்து முந்நூத்துச் சொச்சம் பூனை வளர்க்கறவங்ககிட்ட கேட்டு ஒரு ஆய்வு வந்துச்சு, வீகன் பூனைங்க ஆரோக்கியம் மோசமா இல்லன்னு. ஆனா அது வளர்க்கறவங்க வாயால சொன்னது, ரத்தம் எடுத்துப் பார்த்தது இல்ல, என்னைக் கேட்டிருந்தா நானும் மீனு விழுறதுக்கு முந்தின நாள் வரைக்கும் சூப்பரா இருக்குன்னுதான் சொல்லியிருப்பேன். இன்னொண்ணு, செடி வகைச் சாப்பாட்டுல மூத்திரம் காரத் தன்மைக்குப் போகும், அப்ப அதுல கல்லு மாதிரி படிகம் சேரும், கடுவன் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல், அடைச்சுக்கிட்டா ரெண்டு நாளுக்குள்ள உயிர் போயிடலாம். இவ்வளவு ரிஸ்க் எடுத்துத்தான் ஆகணும்னா ஒரு முயல் வளர்க்கலாம், பூனை வேண்டாம், இது என் கருத்து.

சைவ வீட்டுல பூனைக்கு கறி எப்படிப் போடறது? நான் பண்ணறது சொல்றேன். உலர் தீவனம்தான் பிரதானம், அதுல வாடை கம்மி, கை படாது, ஸ்கூப்ல அள்ளிப் போட்டா முடிஞ்சது. பக்கத்துல நிறைய தண்ணி. வாரத்துல மூணு நாள் ஈர பவுச், அதைப் பால்கனியிலேயே கட் பண்ணி அங்கேயே தட்டுல கொட்டிடுவேன், கத்தரிக்கோல், தட்டு, கழுவற ஸ்பாஞ்ச் எல்லாம் தனி, பால்கனி குழாயடியிலேயே கழுவிடுவேன், சமையலறைக்குள்ள எதுவும் வராது. ஆச்சி சென்னைக்கு வந்தப்ப ரெண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, மூணாவது நாள் நான் ஆபீஸ்லருந்து வர லேட்டாச்சு, வந்து பார்த்தா பூனைத் தட்டு நிரம்பியிருக்கு, முந்தானையால மூக்கை மூடிக்கிட்டு அவங்களே போட்டிருக்காங்க.

படி 3: நாய்ன்னா கால்குலேட்டர் எடுங்க

நாய் கதை வேற. ஆயிரக்கணக்கான வருஷம் மனுஷனோட மிச்சச் சோறு தின்னு தின்னு அதோட மரபணுவே மாறியிருக்கு, மாவுச்சத்தைச் செரிக்கற அமைலேஸ் மரபணு ஓநாய்க்கு ரெண்டு பிரதிதான், நாய்க்கு நாலுலருந்து முப்பது வரைக்கும் இருக்குன்னு 2013ல கண்டுபிடிச்சாங்க. டாரினும் அது தானே செஞ்சுக்கும், ஆனா அதுக்கு மெத்தியோனின், சிஸ்டைன்ங்கற ரெண்டு அமினோ அமிலம் மூலப்பொருளா வேணும், பருப்பு வகையில கம்மியா இருக்கறதே அதுதான். 2009ல ஓட்டப்பந்தய சைபீரியன் ஹஸ்கிகளுக்கு 16 வாரம் கறியில்லாத தீவனம் போட்டுப் பார்த்தாங்க, ரத்தச் சிவப்பணு, ஹீமோகுளோபின் அளவு குறையல. 2024ல வந்த இன்னொரு ஆய்வுல 15 நாய்க்கு ஒரு வருஷம் தாவரத் தீவனம் மட்டும் கொடுத்து ரத்தமெல்லாம் பார்த்தாங்க, நல்லா இருந்துச்சு. அதே 2024ல பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சங்கம் நாய்களுக்கு சைவத் தீவனத்தை எதிர்க்கற நிலைப்பாட்டையும் விட்டுடுச்சு, பூனைக்கு மட்டும் விடல. ஆனா இதுல எல்லாம் சாப்பிட்டது கணக்குப் போட்டுச் செஞ்ச தீவனம், தயிர்சாதம் இல்ல, இதை யாரும் எடுத்துச் சொல்றதே இல்ல.

தயிர்சாதக் கணக்கை நாமே போடலாம். என் நாய் கருப்பன், நாட்டு நாய், 18 கிலோ. எடையை 30ஆல பெருக்கி 70 கூட்டுங்க, 610. கருத்தடை பண்ணின வளர்ந்த நாய்னா அதை 1.6ஆல பெருக்குங்க, கிட்டத்தட்ட 1000 கலோரி. இது தோராயம்தான், சோம்பேறி நாய்க்குக் குறையும், ஓடற நாய்க்குக் கூடும். இந்த 1000 கலோரியை வெறும் தயிர்சாதத்துல கொடுக்கணும்னா 650 கிராம் சோறு, கால் கிலோ தயிர். புரதம் எவ்வளவு வரும்? சோத்துல 17, தயிர்ல 8, மொத்தம் 25 கிராம். வேண்டியது குறைஞ்சபட்சம் 45. கால்சியம் 1250 மில்லிகிராம் வேணும், இதுல தேறறது 400 பக்கம். வைட்டமின் டி அநேகமா பூஜ்யம், வெயில்ல படுத்தா வந்துடும்னு நினைக்காதீங்க, நம்மள மாதிரி நாய்த் தோல் அதைப் போதுமான அளவு செய்யாது. துத்தநாகமும் பத்தாது. ஆனா நாய் வயிறு நிறைஞ்சு வாலாட்டும், குண்டாக் கூட ஆகும், அதுதான் ஏமாத்துற விஷயமே. முடி மங்கறது, மூக்கு ஓரம் தோல் தடிக்கறது, பின்னங்கால் தசை கரையறது, இதெல்லாம் மெதுவா மாசக்கணக்குல வரும்.

படி 4: ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டர்

சாப்பாட்டை மாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை எடை, முழு ரத்தப் பரிசோதனை, ஆல்புமின் (ரத்தத்துல இருக்கற ஒரு புரதம்), கிட்னி, லிவர், மூத்திரம் எல்லாம் பார்த்துக் கையில வச்சுக்கோங்க. இது இல்லாம மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா எதோட ஒப்பிடுவீங்க? கோல்டன் ரெட்ரீவர், டாபர்மேன், காக்கர் ஸ்பேனியல், கிரேட் டேன் மாதிரி இதயத் தசை நோய் வரக்கூடிய ஜாதின்னா எக்கோவும் (இதயத்துக்கான ஸ்கேன்) எடுத்துடுங்க. 2018ல அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு எச்சரிக்கை விட்டுச்சு, தானியம் இல்லாம பட்டாணியும் பருப்புமா நிறைஞ்ச தீவனம் சாப்பிட்ட நாய்ங்களுக்கு இதயம் வீங்கற நோய் வந்ததா புகார்கள் குவிஞ்சதால. காரணம் இதுதான்னு இன்னும் உறுதியாகல, அதுல நிறைய தீவனத்துல கறியும் இருந்துச்சு, இருந்தாலும் "சைவம்னா பருப்பைக் கொட்டு"ங்கற ஐடியாவை நான் இதுக்கப்புறம் விட்டுட்டேன். டாக்டர்கிட்ட போறப்ப வெக்கப்படாம, பிஸ்கட், டீ பன் வரைக்கும் நாய் என்னென்ன சாப்பிடுதோ எல்லாத்தையும் எழுதி எடுத்துட்டுப் போங்க, வீட்டுக்கு வர்ற தாத்தா பாக்கெட்டுல இருக்கறதையும் சேர்த்து.

படி 5: பாக்கெட் தீவனமா, வீட்டுச் சமையலா

நேரம் இல்லாதவங்களுக்கு பாக்கெட்தான் நல்லது, நம்ம ஊர்லயே பெடிகிரி மாதிரி பிராண்டுல சைவத் தீவனம் கிடைக்குது. முன்பக்கம் போட்டிருக்கற பச்சை இலையைப் பார்க்காதீங்க, பின்பக்கம் திருப்புங்க. 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு'ன்னு இருக்கணும், தீவனத்துல சத்து எவ்வளவு இருக்கணும்னு சொல்ற அமைப்புகளான அமெரிக்காவோட ஆஃப்கோ (AAFCO) இல்லைன்னா ஐரோப்பாவோட ஃபெடியாஃப் (FEDIAF) அளவுப்படின்னு இருக்கணும், எந்த வயசு நாய்க்குன்னு இருக்கணும். 'காம்ப்ளிமெண்டரி'ன்னு இருந்தா அது நொறுக்குத்தீனி, சாப்பாடு இல்ல. இவ்வளவும் இருந்தும் 2015ல டேவிஸ்காரங்க 24 சைவத் தீவனத்தை லேப்ல பிரிச்சுப் பார்த்ததுல ஆறுல அமினோ அமில அளவு பத்தலன்னு வந்துச்சு. அதனால கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு, ஊட்டச்சத்து நிபுணர் யார், லேப் டெஸ்ட் உண்டா, டாரின், மெத்தியோனின் தனியா சேர்க்கறீங்களான்னு கேளுங்க. பதில் சொல்லாத கம்பெனியை விட்டுடுங்க.

வீட்டுலயே சமைக்கறதுன்னா ஒரு முடிவு எடுக்கணும், முட்டை உண்டா இல்லையா. முட்டை இருந்தா வேலை பாதி முடிஞ்சுது, மெத்தியோனின் அதுல தாராளம். கருப்பனுக்கு நான் பண்ற ஒரு நாள் கணக்கு: வெந்த சோறு 450 கிராம், அவிச்ச முட்டை ரெண்டு, மீல்மேக்கர் உலர்ந்த எடையில 30 கிராம் (வெந்நீர்ல ஊறவச்சு ரெண்டு தடவை பிழிஞ்சு மிக்ஸியில ஒரு சுத்து, முழுசா போட்டா அப்படியே வெளிய வருது, பார்த்திருக்கேன்), தயிர் 100 கிராம், மஞ்சப் பூசணி ஒரு கைப்பிடி, எண்ணெய் ரெண்டு டீஸ்பூன். உப்பும் தாளிப்பும் கிடையாது. கூட்டிப் பார்த்தா 1000 கலோரி, புரதம் 45 கிராம் பக்கம் வருது, அதாவது குறைஞ்சபட்சக் கோட்டை அப்பதான் தொடுது, அதனால சில நாள் மூணாவது முட்டை. கால்சியத்துக்கு முட்டை ஓட்டைக் கழுவி, வெந்நீர்ல கொதிக்கவிட்டு, காய வச்சு, மாவா அரைச்சு அரை டீஸ்பூன். ஒரு ஓட்டுலயே ரெண்டு கிராம் கால்சியம் இருக்கு, கொட்டிடாதீங்க.

இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சா தப்பு. துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி, ஈ, இதெல்லாம் இந்தச் சாப்பாட்டுல போதுமான அளவு கிடைக்காது, முட்டையும் பாலும் இல்லைன்னா பி12ம் சேர்ந்துக்கும். வீட்டுச் சமையலுக்குன்னே வர்ற விட்டமின் மினரல் கலவையை டாக்டர் சொல்ற அளவுல சேர்த்தே ஆகணும், மனுஷ மாத்திரையை உடைச்சுப் போடற வேலை வேண்டாம், வைட்டமின் டி கூடினாலும் கிட்னி போயிடும். முடிஞ்சா கால்நடை ஊட்டச்சத்து படிச்சவங்க ஒருத்தர்கிட்ட உங்க நாய்க்குன்னே கணக்குப் போட்டு வாங்கிடுங்க, சென்னையில வேப்பேரி கால்நடைக் கல்லூரி, நாமக்கல் கல்லூரின்னு விசாரிக்க இடம் இருக்கு. என் அளவை அப்படியே காப்பி அடிக்காதீங்க, இது கருப்பனுக்கு டாக்டர் பார்த்துத் திருத்தினது. முட்டையும் பாலும்கூட இல்லாத முழு வீகன்னா வீட்டுச் சமையலை நான் சிபாரிசு பண்ண மாட்டேன், நல்ல பாக்கெட்டுக்குப் போங்க.

படி 6: சைவச் சமையலறையில இருக்கற விஷம்

சைவம்னா பாதுகாப்புன்னு ஒரு நினைப்பு இருக்கு பாருங்க. வெங்காயமும் பூண்டும் நாய், பூனை ரெண்டுக்கும் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், சமைச்சாலும் அந்தக் குணம் போகாது. சாம்பார் சாதம், குழம்பு, எங்க ஆச்சியோட சொதி (சின்ன வெங்காயம் மிதக்கும்), எல்லாம் தடை. திராட்சையும் உலர் திராட்சையும் நாய்க்கு கிட்னியை அடிக்கும், அதனால பாயசம், கேசரி வேண்டாம். சாக்லேட் தெரிஞ்சதுதான். சர்க்கரை இல்லாத சூயிங்கம்ல இருக்கற சைலிட்டால் நாய்க்கு சர்க்கரை அளவை சட்டுனு இறக்கிடும். தயிர் புளிச்சா பரவாயில்ல, பால்தான் வளர்ந்த பூனைங்க நிறையத்துக்கு வயித்தைக் கலக்கும்.

படி 7: மாத்தறதும் கவனிக்கறதும்

ஒரே நாள்ல மாத்தாதீங்க. பழசு முக்கால், புதுசு கால், ரெண்டு மூணு நாள். அப்புறம் பாதிக்குப் பாதி. இப்படி பத்து நாள்ல முழுசா. பேதி வந்தா ஒரு படி பின்னால போங்க. பூனைத் தீவனம் மாத்தறப்ப ஒண்ணு முக்கியம், "பசிச்சா தானா சாப்பிடும்"னு பட்டினி போடாதீங்க, பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடலைன்னா ஈரல்ல கொழுப்பு அடைச்சுடும், குண்டுப் பூனைன்னா இன்னும் சீக்கிரம்.

எடையை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பாருங்க, நாயைத் தூக்கிட்டு நீங்க மெஷின்ல ஏறி, அப்புறம் உங்க எடையைக் கழிங்க. முதுகுலயும் தொடையிலயும் கையை வச்சு தசையைத் தடவிப் பாருங்க, எடை அப்படியே இருந்து தசை மட்டும் குறையறது உண்டு. மூணாவது மாசம் அதே டெஸ்ட், ஆறாவது மாசம் ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம். கருப்பனுக்கு மூணாவது மாசம் ஆல்புமின் லேசா இறங்கியிருந்துச்சு, அப்ப மீல்மேக்கர் 20 கிராம்தான் போட்டுட்டு இருந்தேன், 30 ஆக்கினதுக்கப்புறம் ஏறுச்சு. அதுக்கப்புறமும் இறங்கியிருந்தா கறித் தீவனத்துக்கே போறதுன்னு வீட்டுல சொல்லி வச்சிருந்தேன், இந்த முடிவை நீங்களும் ஆரம்பத்துலயே எடுத்து வச்சுக்கோங்க, இல்லைன்னா அந்த நேரத்துல மனசு வராது.

சில விஷயத்துக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. நாய் நடக்கறப்ப திடீர்னு சரிஞ்சு விழுந்தா, ராத்திரி இருமினா, வழக்கமா ஏறுற மாடிப்படியில பாதியில நின்னு மூச்சு வாங்கினா அன்னிக்கே இதயத்தைப் பாருங்க. கடுவன் பூனை மண் தொட்டியில போய் உக்காந்து உக்காந்து எழுந்து சொட்டுக்கூட வரலைன்னா, மணி ராத்திரி ரெண்டா இருந்தாலும் சரி, கூடையில போட்டுட்டு ஆட்டோவைப் பிடிங்க.